ஆகஸ்ட்டில் பிறந்த பையனும் ரக்பி தேர்வுப் பட்டியலும்

கேள்வி இதுதான்: இங்கிலாந்தில் ஒரு கிளப்பின் 13 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடும் பையன், பிறந்தது ஆகஸ்ட் கடைசி வாரம். பந்து கையாளுவதிலும் டாக்கிளிலும் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) கோச் குறை சொல்வதில்லை. ஆனாலும் மேல்மட்டத் தேர்வு நடக்கும்போதெல்லாம் பட்டியலில் பெயர் இல்லை. பிறந்த மாதம்தான் காரணமா? ஆமென்றால் பெற்றோரும் கிளப்பும் என்ன செய்யலாம்?

பிறந்த மாதத்துக்குப் பங்கு உண்டு. 12, 13 வயதில் நன்றாகவே உண்டு. ஆனால் “ஆகஸ்ட் பிள்ளை, அதனால்தான்” என்று முடித்துவிட்டால் பாதிக் காரணம் விட்டுப்போகும். தேர்வாளர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் பையன் இரண்டு வழிகளில் பெரியவனாகியிருப்பான். சில மாதங்கள் முன்னால் பிறந்திருப்பான். அல்லது, பிறந்த தேதி எதுவானாலும், அவன் உடல் சீக்கிரமே பருவம் எட்டியிருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் கிளப்புகளில் நடக்கும் முதல் தவறு. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குப் பலிக்காது.

முதலில் தேதிக் கணக்கு. இங்கிலாந்தில் ரக்பி வயதுப்பிரிவு பள்ளி ஆண்டை ஒட்டியே போகிறது. ஆகஸ்ட் 31 நள்ளிரவில் என்ன வயதோ அதுதான் அந்த சீசன் முழுக்க. செப்டம்பர் 1 அன்று பிறந்தவனும் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று பிறந்தவனும் ஒரே அணி. சீசன் தொடங்கும் வாரத்தில் ஒருவனுக்கு 13 முடிந்திருக்கும், மற்றவனுக்கு 12 இப்போதுதான் முடிந்திருக்கும். அமெரிக்க வளர்ச்சி அட்டவணைகளில் 12 வயதுப் பையனின் நடுமட்ட உயரம் ஏறத்தாழ 149 செ.மீ., 13 வயதில் 156. எடை 40 கிலோ சொச்சத்திலிருந்து 45 சொச்சத்துக்குப் போகிறது. ஆக, இருவரும் தத்தம் வயதுக்குச் சரியாக வளர்ந்த சராசரிப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொண்டாலும் 7 செ.மீ., 5 கிலோ வித்தியாசம் வெறும் தேதியிலிருந்தே வந்துவிடுகிறது. விளையாடப் பழகிய காலத்திலும் ஒரு வருடம் கூடுதல், வகுப்பில் சொன்னதைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சியிலும் ஒரு வருடம் கூடுதல்.

இதற்கு ஒப்பீட்டு வயது விளைவு என்று பெயர். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்து, 1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் எழுதியவர்களும் வெளியிட்ட கட்டுரைதான் இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. அங்கே வயதுப்பிரிவைப் பிரிக்கும் தேதி, அதாவது கட்-ஆஃப், ஜனவரி 1. மேல்மட்ட அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். ரக்பியிலும் இதே படம்தான். வடமேற்கு இங்கிலாந்தின் பிரதிநிதித்துவ அணிகள், வேல்ஸின் வயதுப்பிரிவு அணிகள், தென்னாப்பிரிக்காவின் கௌடெங் பள்ளி அணிகள், பிரிட்டனின் ரக்பி லீக் (13 பேர் ஆடும் வகை) என்று தனித்தனியாக எண்ணியபோதெல்லாம் முதல் காலாண்டில், அதாவது கட்-ஆஃபை ஒட்டி வரும் மூன்று மாதங்களில், பிறந்தவர்கள் மிகுதி, கடைசிக் காலாண்டில் பிறந்தவர்கள் அபூர்வம். கீழ்மட்டக் கிளப்பில் லேசாக இருக்கும் சாய்வு, தேர்வின் ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும்.

ரக்பியில் இது உறைப்பாகத் தெரிவதற்குக் காரணம் மோதல். 58 கிலோ பையன் நொடிக்கு 5.2 மீட்டர் வேகத்தில் ஓடி வந்தால் அவனுடைய உந்தம் (எடை × வேகம்) சுமார் 300. 42 கிலோ பையன் அவனைவிட வேகமாக, 5.6 மீட்டரில் ஓடினாலும் 235-தான். சமமாக வேண்டுமென்றால் நொடிக்கு 7 மீட்டருக்கு மேல் ஓடவேண்டும். 12 வயதில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அது எளிதில் எட்டும் வேகமில்லை. தேர்வாளரின் நோட்டில் விழும் குறிப்போ, “மோதலில் தைரியமாக இறங்குகிறான்” என்பதும் “மோதலில் தயங்குகிறான்” என்பதும். பௌதிகம் குணமாக எழுதப்படுகிறது. இங்கிலாந்தில் 7, 8 வயதுப் பிரிவுகளில் டேக் ரக்பி, அதாவது மோதாமல் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பறிக்கும் ஆட்டம். 9 வயதுக்குட்பட்டோரிலிருந்து டாக்கிள் வந்துவிடும். அதாவது ஒரு வருட வித்தியாசம் என்பது வாழ்ந்த காலத்தில் எட்டில் ஒரு பங்காக இருக்கும் வயதிலேயே மோதல் தொடங்குகிறது.

இடத்துக்கு இடம் சாய்வு மாறும். எடை வேலை செய்யும் இடங்களில், அதாவது ஸ்க்ரம் என்னும் கூட்டு முட்டலில் தள்ளும் பிராப், இரண்டாம் வரிசை, எண் 8 போன்றவற்றில் அதிகம். அங்கிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் போன்ற இடத்தில் குறைவு. பெண்கள் ரக்பியில் பொதுவாக இந்த விளைவு மென்மையானது. ஆனால் அங்கே வயதுப்பிரிவு 12, 14, 16, 18 என்று இரண்டிரண்டு ஆண்டாகப் போவதால் மாதத்தைவிட ‘பிரிவில் முதல் வருடமா, இரண்டாம் வருடமா’ என்பதுதான் பெரிய கேள்வி. 14 வயதுக்குட்பட்டோரில் முதல் வருடம் ஆடும் சிறுமி, தன்னைவிட ஏறக்குறைய 2 வயது மூத்தவளோடு போட்டியிட வேண்டியிருக்கலாம்.

மாதம் வேறு, பருவம் வேறு

இங்கேதான் கவனம் வேண்டும். ஒரே நாளில் பிறந்த இரண்டு 13 வயதுப் பையன்களின் எலும்பு வயதில் (எலும்பின் முதிர்ச்சியை வைத்து மதிப்பிடும் வயது) நாலைந்து ஆண்டு இடைவெளிகூட இருக்கலாம். ஒருவன் உடலளவில் 11, இன்னொருவன் 15. பிறந்த மாதத்தால் வரக்கூடிய அதிகபட்ச இடைவெளியோ 12 மாதம். இரண்டுக்கும் இடையே தொடர்பும் பலவீனம்: ஆகஸ்ட்டில் பிறந்து சீக்கிரம் வளர்ந்தவனும் உண்டு, செப்டம்பரில் பிறந்து தாமதமாக வளர்பவனும் உண்டு. பிறந்த மாதம் 7, 8 வயதிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடுகிறது. பருவ முதிர்ச்சி 11, 12 வாக்கில் வந்து சேர்ந்து, 13 முதல் 15 வரை ஆட்டத்தையே ஆள்கிறது. பையன்களின் வளர்ச்சிப் பாய்ச்சல் சராசரியாக 13½–14 வயதில் உச்சம் தொடும்; அப்போது வருடத்துக்கு 9, 10 செ.மீ. வளர்வார்கள். சிறுமிகளுக்கு இது சுமார் 2 ஆண்டு முன்னால்.

எனவே 13 வயதுக்குட்பட்டோர் தேர்வில் கழிந்த ஆகஸ்ட் பையனைப் பற்றி உருப்படியாகப் பேசவேண்டுமென்றால் முதலில் அளக்க வேண்டும். அதிகம் பயன்படுவது 1994-இல் வெளியான காமிஸ்–ரோஷ் முறை. எக்ஸ்-ரே தேவையில்லை, வயது, உயரம், எடை, பெற்றோர் இருவரின் சராசரி உயரம் போதும். இவற்றிலிருந்து பையன் கடைசியில் எட்டப்போகும் உயரத்தைக் கணித்து, இன்றைய உயரம் அதில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். இன்று 152 செ.மீ., கணித்த உயரம் 178 என்றால் 85.4 சதவீதம். அதே வயதில் 168 செ.மீ. உயரமுள்ள இன்னொருவனுக்குக் கணிப்பு 180 என்றால் 93.3. முதலாமவன் பாய்ச்சலின் வாசலில் நிற்கிறான். இரண்டாமவன் அதன் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டான். கடைசியில் இருவருக்கும் வித்தியாசம் 2 செ.மீ. மட்டுமே. இன்றோ 16.

இந்தக் கணக்கு கெட்டுப்போகும் இடங்கள் சில. பெற்றோர் தாமாகச் சொல்லும் உயரம் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் இருக்கும். முடிந்தால் அவர்களையும் அளந்துவிடுங்கள். முறை உருவானது அமெரிக்காவில், ஒஹையோவில் வளர்ந்த வெள்ளையினக் குழந்தைகளின் அளவுகளிலிருந்து. தெற்காசிய, பசிபிக், ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கு விடையைக் கூடுதல் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பையன்களில் சரிபாதிப் பேருக்குப் பிழை ஏறத்தாழ 2.2 செ.மீ.க்குள், மீதிப் பாதிக்கு அதைவிட அதிகம். 89.6 சதவீதத்துக்கும் 90.2 சதவீதத்துக்கும் நடுவில் கோடு கிழித்து ஒருவனை இந்தப் பக்கம், மற்றவனை அந்தப் பக்கம் தள்ளினால் அது அளவீட்டுப் பிழையை வைத்து ஆடும் சூதாட்டம்.

அளப்பதற்கும் முறை உண்டு. காலணி, காலுறை இல்லாமல் குதிகால் சுவரில் படவேண்டும். கண்குழியின் கீழ் விளிம்பும் காதுத் துளையின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். எப்போதும் ஒரே நேரத்தில் அளக்கவேண்டும். காலையில் அளந்தால் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும். இரண்டு தடவை எடுங்கள், அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாவதும் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். மாதாமாதம் அளந்தால் வளர்ச்சியைவிடப் பிழைதான் பெரிதாகத் தெரியும். ஒரு கணக்கு: செப்டம்பரில் 151.2, 92 நாள் கழித்து 153.9. கூடியது 2.7 செ.மீ. அதை 365-ஆல் பெருக்கி 92-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 10.7 செ.மீ. இந்தப் பையன் பாய்ச்சலின் நடுவில் இருக்கிறான். இப்போது கால்கள் சொன்னபடி கேட்காது, ஓட்டம் கொஞ்சம் தள்ளாடும், முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வரும். இந்த ஆறு மாதத்தில் நடக்கும் தேர்வில் அவனைப் பார்த்து ‘முன்னைவிட மோசமாகிவிட்டான்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் அநியாயம்.

கிளப் தன் கணக்கை எப்படிப் பார்ப்பது

குற்றம் சாட்டுவதற்கு முன் எண்ணிப் பாருங்கள். கணக்கு எளிது, ஆனால் பெரும்பாலானோர் தவறான அடித்தளத்தில் எண்ணுகிறார்கள். வழக்கமான தவறு: தேர்வானவர்களைக் காலாண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 25 சதவீதம் இருக்கிறதா என்று பார்ப்பது. கிளப்பில் பதிவு செய்தவர்களிடையிலேயே சாய்வு இருக்கலாம்; ஆகஸ்ட் பிள்ளைகள் முன்பே விலகிப்போயிருப்பார்கள். ஆகவே தேர்வானவர்களைப் பதிவானவர்களோடுதான் ஒப்பிடவேண்டும்.

உதாரணத்துக்கு எண்கள் போட்டுப் பார்ப்போம். பதிவு 120 பேர்: செப்டம்பர்–நவம்பர் 36, டிசம்பர்–பிப்ரவரி 32, மார்ச்–மே 28, ஜூன்–ஆகஸ்ட் 24. தேர்வு 30 பேர்: முறையே 13, 8, 6, 3. முதல் காலாண்டில் 36 சதவீதம் பேர் தேர்வாகியிருக்கிறார்கள், கடைசியில் 12.5 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் இதே தரவில் சராசரி வயதைப் பார்த்தால், தேர்வானவர்கள் பதிவானவர்களைவிட ஏறத்தாழ ஒரு மாதம்தான் மூத்தவர்கள் என்று வரும். “ஒரு மாத வித்தியாசம்தானே” என்று கமிட்டியில் யாராவது சொன்னால், காலாண்டு வீதத்தை எடுத்துக் காட்டுங்கள். இந்த விஷயத்தில் சராசரி ஏமாற்றும்.

எதிர்ப்பக்கமும் எச்சரிக்கை வேண்டும். பதிவின் விகிதப்படி எதிர்பார்க்கும் தேர்வு 9, 8, 7, 6. கை-வர்க்கச் சோதனை (எதிர்பார்த்த எண்ணுக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள இடைவெளி தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டால் விடை 3.4, இங்கே 7.8-ஐத் தாண்டினால்தான் ‘தற்செயல் என்று எளிதில் தள்ளமுடியாது’ என்று சொல்லலாம். அதாவது 30 பேரை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. இதே விகிதம் நான்கு சீசன் தொடர்ந்தால், 480 பதிவு, 120 தேர்வு என்று சேர்த்துப் பார்க்கும்போது விடை 13.7. அப்போது பேசலாம். ஒரே ஒரு தேர்வுப் பட்டியலை வைத்துக் கொதிக்கும் பெற்றோரும், அதே ஒரு பட்டியலைக் காட்டி ‘எங்களிடம் பிரச்சினை இல்லை’ என்னும் கிளப்பும் செய்வது ஒரே தவறு.

மேலே போட்ட எண்களில் இரண்டு கசிவுகள் இருப்பதையும் கவனியுங்கள். பதிவிலேயே 36-க்கு 24. தேர்வில் 13-க்கு 3. முதல் கசிவு 7, 8, 9 வயதில் நடந்தது. முதல் சீசனில் எப்போதும் கீழே விழுந்துகொண்டே இருந்த பிள்ளை, அடுத்த செப்டம்பரில் திரும்பி வந்திருக்காது. அதைத் தேர்வு முகாமில் சரிசெய்ய முடியாது. அங்கே வேலை செய்வது ஆட்டநேரம். வயதுப்பிரிவு ரக்பியில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது பாதி ஆட்டம் தரவேண்டும் என்பது இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் விதி. விதி இருக்கிறது; ஆனால் கடைசிப் பத்து நிமிடம் யார் களத்தில் நிற்கிறார்கள், யாரை விங்கில் (களத்தின் ஓரத்து இடம்) ஒளித்துவைக்கிறார்கள் என்பதை விதி பார்ப்பதில்லை. சிறிய பையனை விங்குக்கு அனுப்புவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அந்த வயதில் பந்து பெரும்பாலும் விங் வரை வந்து சேராது. ஒரு சீசன் முழுக்க அங்கே நின்றவன், ஸ்க்ரம்-ஹாஃப் நின்றவன் ஒரே ஆட்டத்தில் தொடும் அளவுக்குக்கூடப் பந்தைத் தொட்டிருக்க மாட்டான். பிறகு ‘ஆட்ட அறிவு போதாது’ என்று ஒரு குறிப்பு.

தேர்வு முகாமில் என்ன மாற்றலாம்

மலிவான, சோதித்துப் பார்த்த வழி சட்டை எண். நெதர்லாந்தில் டேவிட் மானும் பீட்டர் வான் கின்னெகனும் கால்பந்துத் தேர்வாளர்களை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீரர்களின் பிறந்த தேதியைத் தாளில் கொடுத்தபோது சாய்வு குறையவில்லை. சட்டை எண்ணையே வயது வரிசையில் கொடுத்து, தேர்வாளருக்கு அதைச் சொல்லிவைத்தபோது சாய்வு மறைந்தது. தகவல் ஒன்றுதான், ஆனால் கண் போகும் இடத்தில் அது நின்றது. தாளில் மட்டும் இருந்த தேதி முடிவை மாற்றவில்லை.

ரக்பியில் இதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டை எண் என்பது ஆடும் இடம். 9 என்றால் ஸ்க்ரம்-ஹாஃப், 10 என்றால் ஃப்ளை-ஹாஃப். வயது வரிசையில் 9 போட்டால் எல்லோரும் குழம்புவார்கள். எனவே 51-இலிருந்து தொடங்குங்கள். 40 பேர் வந்தால் மூத்தவன் 51, இளையவன் 90. எண்களை மேலாடையில் ஒட்டுங்கள், முன்னும் பின்னும். முகாமுக்கு முந்திய இரவே பதிவேட்டைப் பிறந்த தேதிவாரியாக அடுக்கி எண் கொடுத்துவிட வேண்டும். காலையில் வரிசையில் நின்றவர்களுக்கு வந்த வரிசையில் கொடுத்தால் எல்லாம் வீண். இடையில் மேலாடை மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளையும் கவனிக்கவேண்டும். ஸ்க்ரம்மில் கிழிந்தால் அதே எண்ணுக்கு மாற்று தயாராக இருக்கவேண்டும். முடிவில் பட்டியலை எழுதியதும் 51–60-இலிருந்து எத்தனை பேர், 81–90-இலிருந்து எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 7-க்கு 1 என்றால் பட்டியலைக் கிழிக்க வேண்டியதில்லை. விடுபட்ட 81–90 எண்காரர்களைப் பற்றி இரண்டு தேர்வாளர் தனித்தனியாக எழுதியதை மறுபடி படித்தால் போதும்.

ஓட்டநேரத்துக்கு வயதுத் திருத்தம் போடலாம். கிளப்பின் அத்தனை பேரின் 20 மீட்டர் நேரத்தையும், நாளில் கணக்கிட்ட வயதையும் விரிதாளில் இட்டு நேர்கோடு பொருத்துங்கள். கோடு வருடத்துக்கு 0.08 நொடி குறைவதாகக் காட்டினால், 11 மாதம் இளையவன் ஓடிய 3.62 நொடியை 3.55 என்று வாசிக்கலாம். (எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் பிள்ளைகளின் கோடு வேறாக இருக்கும்.) 30 பேரை வைத்துப் போட்ட கோட்டை நம்பாதீர்கள், நூறைத் தாண்டட்டும். இது மாதத்துக்கான திருத்தம் மட்டுமே. சீக்கிரம் பருவமெய்திய ஆகஸ்ட் பையனுக்கு இதையும் சேர்த்துக் கொடுத்தால் இரட்டைச் சலுகையாகிவிடும்.

பருவ முதிர்ச்சிக்கு வேறு வழி: கணித்த உயரத்தின் சதவீதத்தை வைத்துக் குழு பிரிப்பது. வழக்கமான பட்டைகள் 85-க்குக் கீழ், 85–90, 90–95, 95-க்கு மேல். இங்கிலாந்துக் கால்பந்து அகாடமிகள் இதை வைத்துப் போட்டிகளே நடத்தியிருக்கின்றன. ரக்பியில் முழு மோதல் ஆட்டத்துக்கு அப்படியே எடுத்துவரக் கூடாது. உடலில் 15 வயதாகிவிட்ட 12 வயதுப் பையனுக்குக் கழுத்து வலிமையும் பயமும் டாக்கிள் அனுபவமும் 12 வயதுக்கு உரியவைதான். வயதுப்பிரிவு தாண்டி ஆடுவதற்குச் சங்கத்தின் விதிப்படி அனுமதி வேண்டும், காப்பீடும் அதை ஒட்டித்தான் நிற்கும். ஆகவே முகாமின் ஒரு பகுதியை மட்டும், சொந்த வயதுப்பிரிவுக்குள்ளேயே, பட்டைவாரியாகப் பிரித்துத் தொடு ரக்பியாகவோ பிடித்தவுடன் விட்டுவிடும் ஆட்டமாகவோ நடத்தினால் போதும். அங்கே பார்க்கவேண்டியது இரண்டு. வழக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும் பெரிய பையன், தள்ள முடியாதபோது என்ன செய்கிறான்? பந்தைக் கைமாற்றுகிறானா, முட்டிக்கொண்டே நிற்கிறானா? வழக்கமாக ஓரத்தில் நிற்கும் சிறியவன், தன் அளவுக்காரர்களிடையே வாயைத் திறந்து அணியை நடத்துகிறானா? தேர்வாளர்கள் மனம் மாற்றிக்கொள்ள வாய்ப்புள்ள இடம் இதுதான்.

எடையை மட்டும் வைத்துப் பிரிப்பது பற்றியும் கேட்பார்கள். நியூசிலாந்தில், குறிப்பாக ஆக்லாந்தில், எடை வரம்புள்ள பிரிவுகள் நெடுநாளாக உண்டு. காயத்தையும் பயத்தையும் குறைக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் எடை என்பது பருவத்தின் அளவுகோல் இல்லை. தாமதமாக வளரும் குண்டுப் பையனும் சீக்கிரம் வளர்ந்த ஒல்லிப் பையனும் தட்டில் ஒரே எண்ணைக் காட்டலாம். வரம்புக்குள் வர முந்திய நாள் பட்டினி கிடப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் வேறு தொல்லை.

கட்-ஆஃப் தேதியை மாற்றினால் தீருமா? தீராது, இடம்தான் மாறும். பெல்ஜியம் கால்பந்தில் 1997-இல் கட்-ஆஃபை ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். சாதகமும் பின்னாலேயே ஜனவரிக்குப் போய்விட்டது. ரக்பியிலேயே இப்படி ஒரு திருப்பம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உலக 20 வயதுக்குட்பட்டோர் போட்டிக்குக் கணக்கு ஜனவரி 1. இங்கிலாந்தின் செப்டம்பர்–டிசம்பர் பையன்கள், பள்ளிக்காலம் முழுக்க வகுப்பில் மூத்தவர்களாக இருந்துவிட்டு, அந்த மட்டத்தில் திடீரென்று தம் காலண்டர் ஆண்டின் கடைக்குட்டிகள் ஆகிறார்கள். ஜனவரிப் பையன் அங்கே தலைப்பிள்ளை. ஆகஸ்ட் பையனும் இந்த அளவுகோலில் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால்தான், கடைசியில் இல்லை.

சில விளையாட்டுகளில் பிறந்தநாள் முறை உண்டு: ஒவ்வொருவரும் தன் பிறந்தநாள் வரும்போது அடுத்த பிரிவுக்குப் போகிறார். இங்கிலாந்து ஸ்குவாஷ் இதைச் செய்கிறது. தனிநபர் ஆட்டத்துக்கு அழகாகப் பொருந்தும். 15 பேர் ஸ்க்ரம்மும் லைன்-அவுட்டும் ஒத்திகை பார்க்கும் ஆட்டத்தில் வாரம் ஒருவர் அணி மாறினால் கோச் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

பின்தங்கியவன் ஜெயிப்பான் என்பது எவ்வளவு உண்மை?

ஆறுதலாகச் சொல்லப்படும் ஒன்று: இளையவர்கள் கஷ்டப்பட்டு வருவதால் கடைசியில் அவர்களே மேலே போகிறார்கள் என்பது. இதற்கு ஆதாரம் இருக்கிறது. நீல் மெக்கார்த்தியும் டேவ் காலின்ஸும் 2014-இல் இங்கிலாந்தின் ஒரு தொழில்முறை ரக்பி அகாடமியை வைத்து எழுதியதில், நுழைவில் முதல் காலாண்டுப் பையன்கள் மிகுதி. ஆனால் நுழைந்தவர்களில் சீனியர் ஒப்பந்தம் வரை போன விகிதம் கடைசிக் காலாண்டுக்காரர்களிடமே கூடுதல். அளவில் தோற்பவன் கோணம் பார்த்து ஓடவும், கீழே இறங்கி டாக்கிள் செய்யவும், தோல்வியை விழுங்கவும் கற்றுக்கொள்கிறான். 18-இல் எல்லோரும் வளர்ந்து முடிந்ததும் அது மிச்சமாகிறது. பெரியவனோ ஐந்து வருடம் நேராக ஓடி மட்டுமே ஜெயித்திருப்பான்.

ஆனால் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. 40 செப்டம்பர் பையன்கள் நுழைந்து 8 பேர் தேறினால் 20 சதவீதம்; 8 ஆகஸ்ட் பையன்கள் நுழைந்து 4 பேர் தேறினால் 50 சதவீதம். விகிதம் யாருக்கு நன்று என்பது தெளிவு. ஆனால் தலை எண்ணினால் இன்னும் 8-க்கு 4. தவிர, அந்த 8 ஆகஸ்ட் பையன்கள் சாய்வையும் மீறி உள்ளே வந்த அசாதாரணர்கள். அவர்கள் தேறியதில் வியப்பில்லை. வெளியே நின்ற மற்றவர்களைப் பற்றி அந்த விகிதம் எதுவும் சொல்வதில்லை. ‘கஷ்டம் நல்லது, விட்டுவிடுங்கள்’ என்று கிளப் சொல்ல இது சாக்கு ஆகாது.

இந்தப் பையனுக்கு

அளந்து பாருங்கள், மேலே சொன்ன முறையில். சதவீதம் 85-ஐ ஒட்டி இருந்தால் பாய்ச்சல் இன்னும் வரவில்லை. அடுத்த 18 மாதத்துத் தேர்வு முடிவுகளை எடைபோடும்போது அதை நினைவில் வையுங்கள். 93, 94 என்று வந்தால் மாதத்தையோ பருவத்தையோ குறை சொல்ல இடமில்லை, ஆட்டத்தைத்தான் பார்க்கவேண்டும். இதைக் கேட்கப் பெற்றோருக்குப் பிடிக்காது.

ஒரு வயது கீழே ஆட அனுமதி கேட்பது கடைசி வழியாக இருக்கட்டும். விசேஷ அனுமதி வேண்டும், உடல் அளவில் தெளிவான காரணம் வேண்டும், நண்பர்களை விட்டுப் பிரிவது வேறு. பதிலாகக் கோச்சிடம் ஒரு சீசனுக்கு எழுதிவைத்துக்கொள்ளும்படி மூன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை நிமிடம், எந்த இடத்தில், பந்தை எத்தனை தடவை தொட்டான். ஆட்டநேரத்தில் கால்பங்காவது 9-ஆம் எண்ணிலோ 10-ஆம் எண்ணிலோ இருக்கட்டும். பயிற்சியில் இரண்டு கைப்பக்கமும் பாஸ், இரண்டு காலாலும் உதை, விழும் முறை, இடுப்புக்குக் கீழ் டாக்கிள். இங்கிலாந்தின் கிளப் மட்ட ஆட்டத்தில் 2023-இலிருந்து டாக்கிள் மார்பெலும்பின் அடிக்குக் கீழேதான் இருக்கவேண்டும். உயரமான பையன்கள் குனியப் பழகாமல் அபராதம் வாங்கிக்கொண்டிருக்க, சிறியவனுக்கு அது இயல்பான உயரம். தேர்வாளர் கண்ணில் பட இந்த ஒன்றை நன்றாகச் செய்தாலே போதும்.

எடை தூக்கி உடம்பைப் பெருக்குகிறேன் என்று 12 வயதில் இறங்கவேண்டாம். சொந்த உடல் எடையைக் கையாளும் பயிற்சியும் சரியான குந்தும் முறையும் இப்போது போதும். பாய்ச்சல் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் ஓட்டமும் குதிப்பும் நிறைந்த பயிற்சி நாட்களைக் குறைத்து, முழங்கால் வலி சொன்னால் அன்றே நிறுத்துங்கள்.

கிளப்பிடம் கேட்கவேண்டியது ஒன்றே ஒன்று, அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள்: 13-இல் தேர்வாகாதவர்களை 14, 15, 16-இல் மறுபடி யார், எந்த மாதத்தில், எந்த ஆட்டத்தில் போய்ப் பார்க்கிறார்கள்? பெயரும் தேதியும் சேர்ந்த பதில் வந்தால் அந்தக் கிளப்பில் இருங்கள். ‘நல்லா ஆடினா தானா தெரியும்’ என்று பதில் வந்தால், அக்கம்பக்கத்தில் வேறு எந்தக் கிளப் 16 வயதில் புதிய பையன்களை எடுக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.